இரு லீக்குகள், ஒரே கோப்பை: அமெரிக்க - மெக்சிகோ கால்பந்து மோதல் யார் பக்கம் சாய்கிறது?

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் உள்ள லுமென் ஃபீல்ட் மைதானத்தில் 2025 ஆகஸ்ட் 31ஆம் தேதி நடைபெற்ற லீக்ஸ் கோப்பை இறுதிப் போட்டியில், லியோனல் மெஸ்ஸி இடம்பெற்றிருந்த இன்டர் மியாமி அணியை 3-0 என்ற கோல் கணக்கில் வீழ்த்தி சியாட்டில் சவுண்டர்ஸ் அணி சாம்பியன் பட்டம் வென்றது. 69 ஆயிரத்துக்கும் அதிகமான ரசிகர்கள் அரங்கில் திரண்டிருந்தனர். ஆட்டம் முடிந்ததும் களத்தில் கைகலப்பு மூண்டது. எதிரணி ஊழியர் ஒருவர் மீது துப்பியதற்காக மியாமி வீரர் லூயிஸ் சுவாரெஸுக்கு இத்தொடரின் ஆறு ஆட்டங்களில் விளையாடத் தடை விதிக்கப்பட்டது. அவர் பின்னர் மன்னிப்பும் கோரினார்.

அந்தக் கைகலப்பின் காணொளிகள் இந்தியாவிலும் பரவலாகப் பார்க்கப்பட்டன. ஆனால், அந்த இறுதிப் போட்டியில் கவனிக்க வேண்டிய இன்னொரு செய்தி இருந்தது. இரண்டு அண்டை நாட்டு லீக்குகளின் அணிகள் மோதுவதற்காகவே உருவாக்கப்பட்ட அத்தொடரில், இறுதிப் போட்டியில் மட்டுமல்ல, அரையிறுதியில்கூட மெக்சிகோ அணி ஒன்றும் இல்லை. அதே ஆண்டு ஜூன் மாதம் வட, மத்திய அமெரிக்க மற்றும் கரீபியன் பிராந்தியத்தின் சாம்பியன் பட்டத்தை வென்றிருந்தது ஒரு மெக்சிகோ அணி. இந்த முரண்பாட்டுக்குக் காரணம் என்ன? லீக்ஸ் கோப்பை எப்படி உருவானது, எப்படி நடத்தப்படுகிறது, அதனால் யாருக்கு என்ன பயன் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

லீக்ஸ் கோப்பை என்றால் என்ன?

அமெரிக்கா, கனடா ஆகிய இரு நாடுகளின் கிளப்புகள் விளையாடும் தொடர் மேஜர் லீக் சாக்கர் (எம்.எல்.எஸ்.). 1996ஆம் ஆண்டு 10 அணிகளுடன் தொடங்கிய இந்த லீக்கில் 2025ஆம் ஆண்டு நிலவரப்படி 30 அணிகள் உள்ளன. டொராண்டோ, வான்கூவர், மான்ட்ரியல் ஆகிய மூன்றும் கனடா அணிகள். மெக்சிகோவின் முதல்நிலை லீக்கான லீகா எம்.எக்ஸ். தொடரில் 18 அணிகள் உள்ளன. மெக்சிகோவில் தொழில்முறை லீக் கால்பந்து 1943ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது.

இந்த இரு லீக்குகளின் அணிகளும் ஆண்டுதோறும் கோடைக்காலத்தில் மோதிக்கொள்ளும் தொடரே லீக்ஸ் கோப்பை. இரு லீக்குகளும் கூட்டாக நடத்தும் இத்தொடருக்கு, பிராந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பான கான்காகாஃப் அங்கீகாரம் அளித்துள்ளது. எனவே இது வெறும் நட்புறவுத் தொடர் அன்று. முதல் மூன்று இடங்களைப் பிடிக்கும் அணிகளுக்கு அடுத்த ஆண்டின் கான்காகாஃப் சாம்பியன்ஸ் கோப்பையில் விளையாடும் வாய்ப்பு கிடைக்கிறது. சாம்பியன் அணி நேரடியாக அத்தொடரின் 16 அணிகள் சுற்றுக்கு முன்னேறும். மற்ற இரு அணிகளும் முதல் சுற்றிலிருந்து விளையாட வேண்டும்.

சாம்பியன்ஸ் கோப்பை ஏன் முக்கியம் என்ற கேள்வி எழலாம். அத்தொடரில் பட்டம் வெல்லும் அணிக்கே ஃபிஃபா கிளப் உலகக் கோப்பையின் கதவு திறக்கிறது. 2025ஆம் ஆண்டு அமெரிக்காவில் 32 அணிகளுடன் நடைபெற்ற கிளப் உலகக் கோப்பையில் சியாட்டில், மான்டெர்ரே, பச்சுகா ஆகிய அணிகள் அந்த வழியில்தான் தகுதி பெற்றன. ஆகவே, லீக்ஸ் கோப்பையில் மூன்றாவது இடத்துக்கான ஆட்டத்தைக்கூட எந்த அணியும் அலட்சியமாக எடுத்துக்கொள்ள இயலாது.

முதல் முயற்சி அன்று

எம்.எல்.எஸ். அணிகளையும் மெக்சிகோ அணிகளையும் மோதவிடும் எண்ணம் புதிதன்று. 2007ஆம் ஆண்டு சூப்பர்லீகா என்ற பெயரில் எட்டு அணிகள் கொண்ட தொடர் தொடங்கப்பட்டது. ஆட்டங்கள் அனைத்தும் அமெரிக்க மண்ணிலேயே நடந்தன. முதல் ஆண்டில் லாஸ் ஏஞ்சலிஸ் கேலக்ஸியை பெனால்டி ஷூட்-அவுட்டில் வீழ்த்தி பச்சுகா பட்டம் வென்றது. 2008இல் நியூ இங்கிலாந்து ரெவல்யூஷன், 2009இல் டிக்ரேஸ், 2010இல் மொரேலியா ஆகிய அணிகள் வாகை சூடின. நான்கு ஆண்டுகளில் எம்.எல்.எஸ். அணிக்குக் கிடைத்தது ஒரே ஒரு பட்டம். நான்கு பதிப்புகளோடு அத்தொடர் நின்றுபோனது.

அண்டை நாட்டு லீக்குகள் இணைந்து நடத்தும் தொடர்கள் நிலைப்பது எளிதன்று என்பதற்கு உலகின் பிற பகுதிகளிலும் சான்றுகள் உள்ளன. டென்மார்க், நார்வே, ஸ்வீடன் ஆகிய நாடுகளின் முன்னணி கிளப்புகள் மோதிய ராயல் லீக் மூன்று சீசன்களில் முடிவுக்கு வந்தது. சீனா, ஜப்பான், தென் கொரியா அணிகளுக்காக 2003இல் தொடங்கப்பட்ட ஏ3 சாம்பியன்ஸ் கோப்பை 2007க்குப் பிறகு நடத்தப்படவில்லை. பெல்ஜியமும் நெதர்லாந்தும் 2012இல் தொடங்கிய கூட்டு மகளிர் லீக் 2015இல் கலைக்கப்பட்டது. உள்நாட்டு லீக், உள்நாட்டுக் கோப்பை, கண்ட அளவிலான தொடர் ஆகிய மூன்றுக்கும் நடுவே நான்காவதாக ஒரு தொடரை நுழைப்பதற்கு நாட்காட்டியில் இடம் வேண்டும். பார்வையாளர்களும் வேண்டும். ஒளிபரப்பு வருவாயும் வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் தொடர் தள்ளாடத் தொடங்கிவிடுகிறது.

இந்தப் பின்னணியில்தான் லீக்ஸ் கோப்பை 2019ஆம் ஆண்டு எட்டு அணிகளுடன் சிறிய அளவில் தொடங்கியது. லாஸ் வேகாஸில் நடந்த முதல் இறுதிப் போட்டியில் இரண்டுமே மெக்சிகோ அணிகள். டிக்ரேஸ் அணியை 2-1 என்ற கணக்கில் வென்று குரூஸ் அசுல் கோப்பையைக் கைப்பற்றியது. கொரோனா பெருந்தொற்றால் 2020இல் தொடர் ரத்து செய்யப்பட்டது. 2021இல் சியாட்டில் சவுண்டர்ஸை 3-2 என்ற கணக்கில் லியோன் அணி தோற்கடித்தது. 2022இல் முழுத் தொடருக்குப் பதிலாகச் சில காட்சிப் போட்டிகள் மட்டும் நடத்தப்பட்டன.

மெஸ்ஸி வந்தார், தொடர் வளர்ந்தது

2023ஆம் ஆண்டு தொடரின் வடிவம் அடியோடு மாறியது. எம்.எல்.எஸ். தொடரின் அப்போதைய 29 அணிகளும் லீகா எம்.எக்ஸ். தொடரின் 18 அணிகளும் என மொத்தம் 47 அணிகள் பங்கேற்றன. ஏறத்தாழ ஒரு மாத காலம் இரு லீக்குகளும் தங்கள் வழக்கமான ஆட்டங்களை நிறுத்திவைத்தன. மொத்தம் 77 ஆட்டங்கள் நடைபெற்றன.

அந்தத் தொடரின் முதல் நாளான ஜூலை 21ஆம் தேதிதான் மெஸ்ஸி இன்டர் மியாமி அணிக்காக முதன்முறையாகக் களமிறங்கினார். குரூஸ் அசுல் அணிக்கு எதிரான அந்த ஆட்டத்தில் மாற்று வீரராக வந்த அவர், கூடுதல் நிமிடங்களில் ஃப்ரீ கிக் வாயிலாக அடித்த கோலால் மியாமி 2-1 என்ற கணக்கில் வென்றது. அப்போது எம்.எல்.எஸ். கிழக்குப் பிரிவில் கடைசி இடத்தில் இருந்த அணி அது. அடுத்த நான்கு வாரங்களில் மெஸ்ஸி ஏழு ஆட்டங்களில் 10 கோல்கள் அடித்தார். ஆகஸ்ட் 19ஆம் தேதி நாஷ்வில் நகரில் நடந்த இறுதிப் போட்டி 1-1 எனச் சமநிலையில் முடிந்தது. ஷூட்-அவுட்டில் கோல்கீப்பர்கள் வரை அனைவரும் பெனால்டி உதைக்கும் நிலை ஏற்பட்டு, இறுதியில் 10-9 என்ற கணக்கில் மியாமி வென்றது. அந்த கிளப் வென்ற முதல் கோப்பை அதுவே.

மெஸ்ஸியின் வருகைக்கும் தொடரின் விரிவாக்கத்துக்கும் ஒளிபரப்பு உரிமைக்கும் தொடர்பு உண்டு. 2023ஆம் ஆண்டு தொடங்கிப் பத்தாண்டுகளுக்கு எம்.எல்.எஸ். ஆட்டங்களை உலகம் முழுவதும் ஒளிபரப்பும் உரிமையை ஆப்பிள் நிறுவனம் பெற்றது. இந்த ஒப்பந்தத்தின் மதிப்பு 250 கோடி டாலர் எனக் கூறப்படுகிறது. லீக்ஸ் கோப்பை ஆட்டங்களும் இந்த ஏற்பாட்டில் அடங்கும். லீக் ஆட்டங்களை மட்டும் காட்டுவதைவிட, மெக்சிகோவின் புகழ்பெற்ற அணிகள் பங்கேற்கும் ஆட்டங்களையும் சேர்த்துக் காட்டுவது ஒளிபரப்பாளருக்குக் கூடுதல் பயன் தரும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

எம்.எல்.எஸ். எதிர்பார்ப்பது என்ன?

அமெரிக்காவில் மெக்சிகோ வம்சாவளியினர் சுமார் 3.7 கோடி பேர் வாழ்கின்றனர். இவர்களில் கணிசமானோருக்குக் கால்பந்து என்றால் தந்தை வழியாகவோ தாத்தா வழியாகவோ வந்த மெக்சிகோ கிளப்புதான். லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் பிறந்து வளர்ந்த ஒருவர், அந்நகரின் அணியை விடுத்து குவாதலஹாராவின் சீவாஸ் அணிக்கோ மெக்சிகோ சிட்டியின் அமெரிக்கா அணிக்கோ ஆதரவு தெரிவிப்பது அங்கே இயல்பான காட்சி. மெக்சிகோ தேசிய அணியே இருபதாண்டுகளுக்கும் மேலாக ஆண்டுதோறும் பல நட்புறவு ஆட்டங்களை அமெரிக்க நகரங்களில் விளையாடி வருகிறது. டிக்கெட் விலையும் பார்வையாளர் எண்ணிக்கையும் அங்கே அதிகம் என்பதே காரணம்.

சொந்த நாட்டில் இருக்கும் இந்த ரசிகர்களைத் தன் பக்கம் ஈர்க்க வேண்டிய தேவை எம்.எல்.எஸ். தொடருக்கு உண்டு. மெக்சிகோ அணியைப் பார்க்க அரங்குக்கு வருபவர், எதிரில் ஆடும் உள்ளூர் அணியையும் பார்த்துவிட்டுச் செல்வார் என்பது அதன் கணக்கு. இதைத் தவிர மதிப்பு சார்ந்த காரணமும் இருக்கிறது. எம்.எல்.எஸ். அணிகளுக்குச் சம்பள உச்சவரம்பு உண்டு. 2007ஆம் ஆண்டு டேவிட் பெக்காம் வருகையை ஒட்டிக் கொண்டுவரப்பட்ட விதியின்கீழ் குறிப்பிட்ட சில நட்சத்திர வீரர்களுக்கு மட்டும் அந்த வரம்பைத் தாண்டிச் சம்பளம் தரலாம். மெக்சிகோ கிளப்புகளுக்கு இத்தகைய கட்டுப்பாடு இல்லை. எனவே நீண்ட காலமாகவே மெக்சிகோ அணிகள் ஆழமும் அனுபவமும் மிக்கவையாகக் கருதப்பட்டன. அவற்றை வெல்வதே எம்.எல்.எஸ். தன் வளர்ச்சியை நிறுவிக்காட்டும் வழியாக இருக்கிறது.

மெக்சிகோ கிளப்புகள் ஏன் ஒப்புக்கொண்டன?

மெக்சிகோ தரப்பின் காரணம் சற்று வேறானது. 1998 முதல் 2016 வரை மெக்சிகோ அணிகள் தென் அமெரிக்காவின் கோபா லிபர்டடோரஸ் தொடரில் விருந்தினர்களாகப் பங்கேற்றன. குரூஸ் அசுல் 2001இலும், சீவாஸ் 2010இலும், டிக்ரேஸ் 2015இலும் இறுதிப் போட்டி வரை முன்னேறின. பிரேசில், அர்ஜென்டினா அணிகளோடு மோதும் அந்த வாய்ப்பு வீரர்களைப் பட்டை தீட்டியது. ஆனால், அத்தொடரை ஆண்டு முழுவதும் நீட்டிக்கும் வகையில் தென் அமெரிக்கக் கூட்டமைப்பு அட்டவணையை மாற்றியதைத் தொடர்ந்து மெக்சிகோ அணிகள் விலகிக்கொண்டன.

தெற்கே கதவு மூடியபோது வடக்கே கதவு திறந்தது. டாலரில் வரும் டிக்கெட், ஒளிபரப்பு வருவாயும், எல்லைக்கு அப்பால் வாழும் ரசிகர்களை நேரில் சந்திக்கும் வாய்ப்பும் கிளப் உரிமையாளர்களை ஈர்த்தன. 2020ஆம் ஆண்டு முதல் மெக்சிகோ லீக்கில் அணிகளைக் கீழ்நிலைக்கு இறக்கும் முறை நிறுத்திவைக்கப்பட்டுள்ளது. எம்.எல்.எஸ். தொடரில் அந்த முறை ஒருபோதும் இருந்ததில்லை. இரு லீக்குகளும் மூடிய கட்டமைப்பு கொண்டவையாக மாறியதால், ஒரு மாத காலம் லீக்கை நிறுத்திவிட்டு வேறொரு தொடரில் கவனம் செலுத்துவது நிர்வாகரீதியாகவும் எளிதாயிற்று.

ஆனால், இந்த ஏற்பாட்டுக்கு மெக்சிகோ ரசிகர்களும் முன்னாள் வீரர்களும் தெரிவிக்கும் விமர்சனம் கடுமையானது. லிபர்டடோரஸில் கிடைத்த போட்டித் தரத்துக்கு இது ஈடாகாது என்பது ஒன்று. வருவாய்க்காக விளையாட்டுச் சமநிலையை விட்டுக்கொடுத்துவிட்டார்கள் என்பது மற்றொன்று. இரண்டாவது குற்றச்சாட்டுக்கான அடிப்படையைப் புரிந்துகொள்ள ஆட்டங்கள் நடக்கும் இடங்களைப் பார்க்க வேண்டும்.

மண் மாறினால் முடிவும் மாறுகிறதா?

2023 முதல் 2025 வரையிலான மூன்று லீக்ஸ் கோப்பைகளிலும் ஆட்டங்கள் அமெரிக்காவிலும் கனடாவிலும் மட்டுமே நடைபெற்றன. எம்.எல்.எஸ். அணி பெரும்பாலான ஆட்டங்களைச் சொந்த மைதானத்தில், சொந்த ரசிகர்கள் முன்னிலையில் ஆடுகிறது. மெக்சிகோ அணியோ ஊர் ஊராக விமானத்தில் பறந்து, விடுதிகளில் தங்கி, வாடகைப் பயிற்சி மைதானங்களில் தயாராகி விளையாட வேண்டியிருக்கிறது.

உயரமும் ஒரு காரணி. மெக்சிகோ சிட்டி கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்திலும், டொலுகா நகரம் அதைவிட அதிகமாக 2,600 மீட்டருக்கு மேலான உயரத்திலும் அமைந்துள்ளன. ஆக்சிஜன் குறைந்த அந்தச் சூழலில் வெளியூர் அணிகள் இரண்டாம் பாதியில் மூச்சு வாங்குவது வழக்கம். மெக்சிகோ அணிகளின் மிகப் பெரிய இயற்கைச் சாதகம் இது. லீக்ஸ் கோப்பையில் அந்தச் சாதகத்துக்கு இடமே இல்லை.

முடிவுகளை அருகருகே வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெளிவாகிறது. லீக்ஸ் கோப்பையை 2023இல் இன்டர் மியாமி, 2024இல் கொலம்பஸ் க்ரூ, 2025இல் சியாட்டில் என மூன்று முறையும் எம்.எல்.எஸ். அணிகளே வென்றன. மூன்று இறுதிப் போட்டிகளிலும் எதிரில் ஆடியதும் எம்.எல்.எஸ். அணிதான். 2023இல் அரையிறுதிக்கு வந்த ஒரே மெக்சிகோ அணி மான்டெர்ரே. 2024, 2025ஆம் ஆண்டுகளில் அதுவும் இல்லை.

இதே மூன்று ஆண்டுகளில் கான்காகாஃப் சாம்பியன்ஸ் தொடரை வென்றவை மூன்றும் மெக்சிகோ அணிகள். 2023இல் லாஸ் ஏஞ்சலிஸ் எஃப்.சி. அணியை லியோன் இரு ஆட்டங்களிலும் தோற்கடித்தது. 2024இல் பச்சுகா தன் சொந்த மைதானத்தில் கொலம்பஸ் க்ரூவை 3-0 என வென்றது. 2025 ஜூன் 1ஆம் தேதி மெக்சிகோ சிட்டியில் வான்கூவர் அணியை குரூஸ் அசுல் 5-0 என நொறுக்கியது. சாம்பியன்ஸ் கோப்பையின் நாக்-அவுட் சுற்றுகள் பெரும்பாலும் இரு அணிகளின் மைதானங்களிலும் தலா ஓர் ஆட்டம் என்ற முறையில் நடப்பவை. இறுதிப் போட்டி தொடரில் சிறப்பாக ஆடிய அணியின் மைதானத்தில் நடைபெறுகிறது.

குறிப்பாக இரு உதாரணங்களைக் கூறலாம். 2024 ஜூன் தொடக்கத்தில் பச்சுகாவில் மூன்று கோல் வித்தியாசத்தில் தோற்ற அதே கொலம்பஸ் க்ரூ, மூன்று மாதங்கள் முடிவதற்குள் லீக்ஸ் கோப்பையைச் சொந்த ஊரில் கையில் ஏந்தியது. 2025 ஜூனில் பிராந்திய சாம்பியனான குரூஸ் அசுல், இரண்டு மாதங்கள் கழித்து சியாட்டில் நகரில் 7-0 என்ற கணக்கில் சவுண்டர்ஸிடம் தோற்றது.

ஆனாலும், மண்ணை மட்டுமே காரணமாகக் காட்டுவது முழு உண்மையாகாது. எம்.எல்.எஸ். சீசன் பிப்ரவரி இறுதியில் தொடங்கி டிசம்பர் வரை நீள்கிறது. ஆகவே, ஆகஸ்ட் மாதத்தில் அதன் வீரர்கள் முழு உடற்தகுதியுடன் இருப்பார்கள். மெக்சிகோவில் ஆண்டுக்கு இரண்டு சீசன்கள். ஜூலையில் தொடங்கும் அபெர்ச்சுரா சீசனின் முதல் சில வாரங்களிலேயே லீக்ஸ் கோப்பை வந்துவிடுவதால், புதிய வீரர்களும் புதிய பயிற்சியாளர்களும் கூடிப் பழகுவதற்கு முன்பே அணிகள் களமிறங்க நேர்கிறது. மறுபுறம், எம்.எல்.எஸ். அணிகளின் தரம் உயர்ந்திருப்பதையும் மறுக்க இயலாது. 2006 முதல் 2021 வரை பிராந்திய சாம்பியன் பட்டத்தை மெக்சிகோ அணிகளே தொடர்ந்து வென்றுவந்த நிலையில், 2022இல் புமாஸ் அணியை வீழ்த்தி அந்தச் சங்கிலியை அறுத்தது சியாட்டில் சவுண்டர்ஸ்.

புதிய விதிமுறைகள் என்ன?

47 அணிகள், ஒரு மாத இடைவெளி என்ற வடிவம் இரண்டு ஆண்டுகளே நீடித்தது. வீரர்களின் களைப்பு, நெருக்கடியான அட்டவணை ஆகியவை குறித்த புகார்களை அடுத்து 2025இல் தொடர் சுருக்கப்பட்டது. எம்.எல்.எஸ். தரப்பிலிருந்து 18 அணிகள், மெக்சிகோவின் 18 அணிகள் என மொத்தம் 36 அணிகள் பங்கேற்றன. ஆட்டங்களின் எண்ணிக்கை 77இலிருந்து 62ஆகக் குறைந்தது.

முதல் கட்டத்தில் ஒவ்வோர் அணியும் எதிர் லீக்கைச் சேர்ந்த மூன்று அணிகளுடன் மட்டும் மோதியது. புள்ளிப் பட்டியல் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. எம்.எல்.எஸ். அணிகளுக்கு ஒரு பட்டியல், மெக்சிகோ அணிகளுக்கு இன்னொரு பட்டியல். ஒவ்வொன்றிலும் முதல் நான்கு இடங்களைப் பிடித்த அணிகள் காலிறுதிக்கு முன்னேறின. இதனால் காலிறுதி ஆட்டங்கள் நான்கும் இரு லீக்குகளுக்கு இடையிலான மோதல்களாகவே அமைந்தன.

இத்தொடரில் சமநிலை என்ற முடிவே கிடையாது. முதல் கட்டத்தில் 90 நிமிடங்களில் வெல்லும் அணிக்கு மூன்று புள்ளிகள். ஆட்டம் சமநிலையில் முடிந்தால் உடனடியாக பெனால்டி ஷூட்-அவுட் நடத்தப்படும். அதில் வெல்லும் அணிக்கு இரண்டு புள்ளிகள், தோற்கும் அணிக்கு ஒரு புள்ளி.

2025 காலிறுதிகளின் முடிவுகளை மேலோட்டமாகப் பார்த்தால் எம்.எல்.எஸ். 4, மெக்சிகோ 0 என்று தோன்றும். உள்ளே சென்று பார்த்தால் நிலைமை வேறு. இன்டர் மியாமி 2-1 என டிக்ரேஸையும், லாஸ் ஏஞ்சலிஸ் கேலக்ஸி 2-1 என பச்சுகாவையும் வென்றன. ஆர்லாண்டோ - டொலுகா, சியாட்டில் - புவேப்லா ஆட்டங்கள் கோலின்றி முடிந்து ஷூட்-அவுட் வரை சென்றன. நான்கில் ஓர் ஆட்டம்கூட ஒரு கோலுக்கு மேற்பட்ட வித்தியாசத்தில் முடியவில்லை. இத்தனை நெருக்கமான மோதல்களில், எந்த அணி வீட்டிலிருந்து வந்தது, எந்த அணி விமானத்திலிருந்து வந்தது என்பது முடிவைத் தீர்மானிக்கக்கூடும் என்ற வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

பழைய கோப்பைக்கு நேர்ந்தது என்ன?

லீக்ஸ் கோப்பையின் தாக்கத்தை மெக்சிகோ அணிகள் மட்டும் உணரவில்லை. அமெரிக்காவில் 1914ஆம் ஆண்டு முதல் வழங்கப்பட்டு வரும் பழமையான கோப்பை யு.எஸ். ஓபன் கோப்பை. தொழில்முறை அணிகளுடன் அமெச்சூர் அணிகளும் மோத வாய்ப்புள்ள ஒரே தேசியத் தொடர் இது. வார நாட்களில் வேலைக்குச் செல்லும் வீரர்களைக் கொண்ட சிறு நகர அணி, ஒரே ஒரு மாலைப் பொழுதில் பெரிய கிளப்பை எதிர்கொள்ளும் வாய்ப்பை வேறெந்தத் தொடரும் தருவதில்லை.

2023 டிசம்பரில், அட்டவணை நெருக்கடியைக் காரணம் காட்டி, இத்தொடருக்குத் தங்கள் முதன்மை அணிகளை அனுப்பப் போவதில்லை என்று எம்.எல்.எஸ். அறிவித்தது. அமெரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பு இதற்கு அனுமதி மறுத்தது. பேச்சுவார்த்தைக்குப் பிறகு 2024இல் எட்டு எம்.எல்.எஸ். முதன்மை அணிகள் மட்டும் பங்கேற்றன. ஒரு மாத காலத்தை லீக்ஸ் கோப்பைக்கு ஒதுக்கும் லீக், நூற்றாண்டு கண்ட உள்நாட்டுக் கோப்பைக்குச் சில மாலைகளை ஒதுக்க மறுப்பது ஏன் என்று ரசிகர் மன்றங்கள் கேள்வி எழுப்பின. லீக்ஸ் கோப்பையின் வருவாய் இரு லீக்குகளுக்கும் செல்கிறது. ஓபன் கோப்பையோ கூட்டமைப்பின் தொடர். அந்தக் கேள்விக்கான விடையின் ஒரு பகுதி இதிலேயே உள்ளது.

இந்திய ரசிகர்களுக்கு என்ன தொடர்பு?

மெஸ்ஸி, சுவாரெஸ், ரோட்ரிகோ டி பால் ஆகிய மூவரும் 2025 டிசம்பரில் இந்தியாவுக்கு வந்து கொல்கத்தா, ஹைதராபாத், மும்பை, டெல்லி ஆகிய நகரங்களில் ரசிகர்களைச் சந்தித்தனர். மூவரும் இன்டர் மியாமி வீரர்கள். ஐரோப்பிய லீக்குகளை மட்டுமே பின்தொடர்ந்துவந்த பலர் அமெரிக்கக் கால்பந்தின் பக்கம் திரும்பியதற்கு இந்த ஒரு கிளப்பே காரணம். மெஸ்ஸியின் ஆட்டம் என்பதற்காக லீக்ஸ் கோப்பையைப் பார்க்கத் தொடங்குபவர்கள், அதன் வெற்றி தோல்விகளை எந்த அளவுகோலில் மதிப்பிடுவது என்பதை அறிந்திருப்பது பயன் தரும்.

அடுத்து என்ன?

2026 ஜூன் 11 முதல் ஜூலை 19 வரை 48 அணிகள் பங்கேற்கும் உலகக் கோப்பையை அமெரிக்கா, கனடா, மெக்சிகோ ஆகிய மூன்று நாடுகளும் இணைந்து நடத்துகின்றன. மொத்தம் 16 நகரங்களில் 104 ஆட்டங்கள் நடைபெறவுள்ளன. தொடக்க ஆட்டம் மெக்சிகோ சிட்டியின் புகழ்பெற்ற அஸ்டெகா மைதானத்தில். தேசிய அணிகளுக்கான தொடரில் மூன்று நாடுகளும் ஆட்டங்களைப் பகிர்ந்துகொள்கின்றன. கிளப்புகளுக்கான தொடரிலும் அதே பகிர்வு வேண்டும் என்ற மெக்சிகோ ரசிகர்களின் கோரிக்கைக்கு இதுவே வலுவான வாதமாக அமைகிறது.

நாட்காட்டியும் மாறவிருக்கிறது. 2027ஆம் ஆண்டு கோடை முதல், ஐரோப்பிய லீக்குகளைப் போல ஜூலையில் தொடங்கி மே மாதத்தில் முடியும் அட்டவணைக்கு மாற எம்.எல்.எஸ். முடிவு செய்துள்ளது. அப்போது இரு லீக்குகளும் ஏறத்தாழ ஒரே காலத்தில் சீசனைத் தொடங்கும். ஆகஸ்டில் ஓர் அணி முழு வேகத்திலும் மற்றோர் அணி தயாராகும் நிலையிலும் இருக்கும் இன்றைய ஏற்றத்தாழ்வு பெருமளவு குறையக்கூடும்.

ஆட்டங்கள் நடக்கும் இடம் குறித்த கேள்விக்கு நாட்காட்டியால் விடை சொல்ல இயலாது. லீக்ஸ் கோப்பையின் நாக்-அவுட் ஆட்டம் ஒன்று டொலுகாவிலோ பச்சுகாவிலோ, மெல்லிய காற்றில், மெக்சிகோ ரசிகர்களின் ஆரவாரத்துக்கு நடுவே நடைபெற்று, அதிலும் எம்.எல்.எஸ். அணி வென்றால், இரு லீக்குகளில் எது வலியது என்ற விவாதத்தில் அந்த ஒரு வெற்றி இதுவரை வென்ற மூன்று கோப்பைகளைவிட அதிக எடை பெறும். வருவாயில் ஒரு பகுதியை இழக்கத் துணிந்தால் மட்டுமே அத்தகைய ஆட்டங்களை அதிக அளவில் நடத்த முடியும். அந்தத் துணிவு இரு லீக்குகளின் நிர்வாகங்களுக்கும் உண்டா என்பதைப் பொறுத்தே இத்தொடரின் மதிப்பு அமையும்.